அடுத்த தட்டு எப்போது விழும்?

பிடித்த பாட்டு ஓடும்போது மேசையில் விரலால் தாளம் போடுகிறோம். அந்த விரலையும் பாட்டின் தாளத்தையும் மில்லிநொடிக் கணக்கில் பதிவு செய்து பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. விரல் சரியாகத் தாளத்தின் மேல் விழுவதில்லை. சில பத்து மில்லிநொடிகள் முந்திக்கொண்டு விழுகிறது. ஒலியைக் கேட்ட பிறகுதான் விரலை அசைக்கிறோம் என்றால் ஏறத்தாழ 150 மில்லிநொடியாவது பிந்தியிருக்க வேண்டும். ஆக, மூளை தட்டுக்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த தட்டு எப்போது விழும் என்று கணித்து, அதற்கான உத்தரவை முன்னதாகவே விரலுக்கு அனுப்பிவிடுகிறது.

இந்தக் கணிப்பு யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. 2009இல் ஹங்கேரி ஆய்வாளர் இஸ்த்வான் விங்க்லரின் குழு, பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தபோது டிரம் தாளம் ஒன்றை ஒலிக்கவிட்டு மூளை அலைகளைப் பதிவு செய்தது. இடையிடையே சில தட்டுகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். முக்கியமில்லாத தட்டு விடுபட்டபோது பெரிய மாற்றம் இல்லை. சுற்றின் முதல் தட்டு விடுபட்டபோது, எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதற்கான அறிகுறி அலைகளில் தெரிந்தது. பெரியவர்களிடம் செய்த மூளைப் படமெடுப்பு ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டுகின்றன. கை கால் அசைக்காமல் படுத்துக்கொண்டு தாளத்தைக் கேட்டால்கூட, உடல் அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன. காதுக்கும் தசைக்கும் இடையே இப்படி ஒரு நேர்வழி நம் எல்லோருக்கும் இருக்கிறது.

இந்த நேர்வழியைக் கல்விக்கும் பயன்படுத்தலாம். ஆனால் மாற்றுத்திறனாளி மாணவர்களின் கல்வியில் இசை என்ன செய்யும் என்று கேட்டால், மனசுக்கு இதமாக இருக்கும், பிள்ளைகள் சந்தோஷமாக இருப்பார்கள் என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பதிலோடு நாம் திருப்திப்பட்டுக்கொண்டதால்தான் நம் பள்ளிகளில் இசை ஆண்டு விழா மேடையைத் தாண்டி வகுப்பறைக்குள் வரவில்லை. நடப்பது, பேசுவது, வாசிப்பது ஆகிய மூன்றுமே நேரத்தின் ஒழுங்கை நம்பி நடக்கும் செயல்கள். அந்த ஒழுங்கு கலைந்த குழந்தைக்கு 'அடுத்தது இப்போது' என்று வெளியிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. தாளத்தால் அதைச் சொல்ல முடியும். இசையின் முதன்மையான கல்விப் பயன் அதுவே என்பது என் உறுதியான கருத்து.

நடையிலிருந்து தொடங்கலாம். பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்குத் தசை வலுவில்லாதது மட்டும் சிக்கல் இல்லை. எந்தத் தசை எப்போது இறுக வேண்டும், எப்போது தளர வேண்டும் என்ற வரிசையும் குலைந்திருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தாட் 1990களில் வளர்த்தெடுத்த தாள நடைப்பயிற்சி இங்கேதான் உதவுகிறது. பக்கவாதம், பார்க்கின்சன் நோய் கண்டவர்களுக்கு முதலில் பயன்பட்ட முறை இது. பிறகு குழந்தைகளுக்கும் வந்தது. செய்முறை மிக எளிது. குழந்தையை அதன் போக்கில் நடக்கவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறது என்று பிசியோதெரபிஸ்ட் எண்ணுகிறார். அறுபது என்றால், சீராகத் தட்டொலி எழுப்பும் மெட்ரோனோம் கருவியையும் அறுபதில் வைத்து, அதன் மேல் அதே வேகத்தில் ஒரு பாட்டையும் போடுகிறார். கால் தாளத்தோடு ஒட்டிக்கொண்ட பிறகே வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறார். சிறிய அளவில் நடந்த ஆய்வுகளில் அடியின் நீளமும் நடையின் சீரும் மேம்பட்டிருக்கின்றன. குழந்தை உற்சாகமாக நடக்கட்டும் என்று எடுத்த எடுப்பில் ஒரு குத்துப்பாட்டைப் போடுவது நல்லெண்ணத்தால் நேரும் தவறு. கால் எட்டாத வேகத்தில் ஓடும் தாளம் குழந்தையைத் தடுமாறத்தான் வைக்கும். தாளம் முதலில் குழந்தையிடம் வர வேண்டும். குழந்தை தாளத்தோடு போவது அதற்கு அப்புறம்.

பேச்சுக்கு வருவோம். சிறப்பாசிரியர்கள் பலர் கையாளும் ஓர் உத்தியைக் கிட்டத்திலிருந்து பார்க்கலாம். மதியச் சாப்பாட்டுக்கு முன் கை கழுவும் நேரம். ஆசிரியை கையில் ஒரு கஞ்சிரா. அவரே கட்டிய பாட்டு: கையை நீட்டு, தண்ணி ஊத்து, சோப்பு போட்டுத் தேய்! கடைசிச் சொல்லில் கஞ்சிராவில் ஓர் அடி. தினமும் அதே பாட்டு, அதே வேகம், அதே சுருதி. எதிரே ஏழு வயதுப் பையன், ஆட்டிச நிலை உள்ளவன், இன்னும் பேச்சு வரவில்லை. சில வாரம் போனபின் ஒருநாள் ஆசிரியை 'சோப்பு போட்டுத்' என்பதோடு நிறுத்திவிடுகிறார். கை கஞ்சிராவுக்கு மேலே தூக்கியபடி நிற்கிறது. 'சொல்லு' என்று சொல்வதில்லை. முகத்தை நெருங்கிப் பார்ப்பதும் இல்லை. ஒரு எண்ணிக்கை, இரண்டு, மூன்று. பையன் அந்தக் கையைப் பார்க்கிறான். வாய் அசைகிறது. 'ஏய்' என்று வருகிறது. தகரம் வரவில்லை. ஆசிரியை அந்தக் கணமே கஞ்சிராவில் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். கைதட்டிப் பாராட்டப் போனால் தாளம் அறுந்துவிடும், அவன் சொன்னது பாட்டுக்குள் பொருந்தாமல் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். வாசலில் நின்ற அம்மாவுக்குத்தான் கை கால் ஓடவில்லை. 'மிஸ், இவனா சொன்னான்?' 'இவன்தாம்மா. நாளைக்கும் அந்த எடத்துல விடுவேன். வீட்டுலயும் இதே பாட்டப் பாடுங்க. வேற பாட்டு வேண்டாம்.'

இங்கே நடந்ததற்கு அற்புதம் என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. சாதாரணப் பேச்சில் அடுத்து என்ன வரும், எப்போது வரும், எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதெல்லாம் திறந்தே கிடக்கின்றன. பழகிய பாட்டில் மூன்றுமே முடிவாகியிருக்கின்றன. விடுபட்ட இடத்தை மூளை தானாகவே நிரப்பப் பார்க்கிறது, தூங்கும் பச்சிளங்குழந்தையின் மூளை முதல் தட்டைத் தேடியதைப்போல. அந்த உந்துதலின் மேல் ஏறிக்கொண்டு ஒரு சொல் வெளியே வந்துவிடுகிறது.

மூளையின் இடப்பக்கம் அடிபட்டுப் பேச்சிழந்தவர்கள் சிலர், பேச முடியாத சொற்களைப் பாட்டாகப் பாடிவிடுகிறார்கள் என்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாகவே கவனித்து வந்தார்கள். பாஸ்டனில் மார்ட்டின் ஆல்பர்ட், ராபர்ட் ஸ்பார்க்ஸ், நான்சி ஹெல்ம் ஆகியோர் 1973இல் இதை ஒரு முறையான சிகிச்சையாக்கினார்கள். தினசரி வாக்கியங்களை ஏற்றம் ஒன்று, இறக்கம் ஒன்று என இரண்டே சுரங்களில் நீட்டிச் சொல்ல வைத்து, ஒவ்வோர் அசைக்கும் இடக்கையால் தட்ட வைப்பது அதன் சாரம். அதே ஊரில் காட்ஃப்ரீட் ஷ்லாக் குழுவினர் இந்தக் கருத்தை ஆட்டிசக் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றினார்கள். வெவ்வேறு சுருதியில் அமைந்த இரண்டு டிரம்களைக் குழந்தை இரு கையாலும் தட்டிக்கொண்டே சொற்களை இழுத்துச் சொல்ல வேண்டும். பேச்சே இல்லாத ஆறு குழந்தைகளுக்கு நாற்பது அமர்வுகள் கொடுத்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு பேரும் முன்பு சொல்லாத ஒலிகளையும் சொற்சாயல்களையும் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு அந்த ஆய்வில் இல்லை, எண்ணிக்கையும் மிகக் குறைவு. ஆகவே எல்லாக் குழந்தைகளுக்கும் இதை வாக்குறுதியாகச் சொல்லக் கூடாது. ஆனால் 'ஐந்து வயதுக்குள் பேச்சு வராவிட்டால் இனி வராது' என்று பெற்றோரிடம் கையை விரிப்பவர்கள் இந்த ஆறு குழந்தைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் எல்லோரும் அந்த வயதைத் தாண்டியவர்கள்.

தாளம் குழந்தையிடம் வர வேண்டும் என்றேன். அதை ஒரு கல்வி முறையாகவே செய்து காட்டியவர்கள் பால் நார்டாஃப், கிளைவ் ராபின்ஸ் என்ற இருவர். நார்டாஃப் அமெரிக்க இசையமைப்பாளர், பியானோக் கலைஞர். ராபின்ஸ் ஆங்கிலேயச் சிறப்பாசிரியர். 1950களின் கடைசியில் இங்கிலாந்தின் வொர்செஸ்டர்ஷயரில் சன்ஃபீல்டு என்னும் குழந்தைகள் இல்லத்தில் இருவரும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். குழந்தைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதில் அவர்கள் தொடங்கவில்லை. குழந்தை என்ன ஒலி எழுப்புகிறதோ அங்கேயிருந்து தொடங்கினார்கள். குழந்தை அழுதால் அந்த அழுகை எந்தச் சுருதியில் இருக்கிறதோ அதே சுருதியில் பியானோ சேர்ந்துகொள்ளும். டிரம்மைத் தாறுமாறாக அடித்தால் பியானோவும் அந்த வேகத்துக்கு ஓடும். குழந்தை நிறுத்தினால் பியானோவும் நிற்கும். சிறிது நேரத்தில் குழந்தைக்கு ஒன்று பிடிபடுகிறது: நான் அடித்தால் அது வருகிறது, நான் நின்றால் அது நிற்கிறது. காலையில் எழுந்ததிலிருந்து தூங்கும் வரை 'இதைச் செய், அதைச் செய்யாதே' என்று கேட்டே வளரும் ஒரு பிள்ளைக்கு, தன் செயலுக்கு உலகம் பதில் சொல்கிறது என்பது பெரிய கண்டுபிடிப்பு. அதன் பிறகு பியானோ ஒரு சிறு மாற்றத்தைச் செய்யும், குழந்தை அதைத் தொடரும். இருவருக்கும் நடுவே உரையாடல் பிறந்துவிட்டது, ஒரு சொல்லும் இல்லாமல். கற்பித்தலில் எனக்குத் தெரிந்த மிக அழகான தொடக்கங்களில் இது ஒன்று.

வாசிப்பு சற்றே வேறு கதை. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிக்கல் உள்ள பிள்ளைக்குப் பார்வையில் கோளாறு, எழுத்து தலைகீழாகத் தெரிகிறது என்றுதான் இன்றும் பலர் நம்புகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சிக்கல் கண்ணில் இல்லை, சொல்லை ஒலிகளாகப் பிரித்துக் கேட்பதில் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் உஷா கோஸ்வாமி இதை இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோனார். பேச்சில் ஒவ்வோர் அசையும் தொடங்கும்போது ஒலி திடீரென்று எழும்பும். அந்த எழுச்சியைப் பிடித்துக்கொண்டுதான் மூளை அசைகளைப் பிரிக்கிறது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் இந்த எழுச்சியைத் துல்லியமாக உணர்வதில்லை என்று அவர் குழு கண்டது. ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனம் என்று வெவ்வேறு மொழிக் குழந்தைகளிடமும் இதே சிக்கல் தெரிந்தது. இந்தப் பிள்ளைகளுக்குச் சீராகத் தாளம் போடுவதும் சிரமமாக இருக்கிறது. அப்படியானால் தாளப் பயிற்சி வாசிப்பை மேம்படுத்துமா? 2015இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், எட்டு முதல் பதினொரு வயதுக்குட்பட்ட டிஸ்லெக்சியா பிள்ளைகள் 46 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு இசையும் மறுபாதிக்கு ஓவியமும் ஏழு மாதம் கற்பித்தார்கள். இசை கற்றவர்கள் ஒலிகளைப் பிரித்தறிவதிலும் வாசிப்பிலும் ஓவியம் கற்றவர்களைவிட முன்னேறினார்கள்.

தமிழ் வகுப்பறைக்கு இது மிக நெருக்கமான செய்தி என்று நினைக்கிறேன். படம், பாடம், பட்டம் என்ற மூன்று சொற்களைப் பாருங்கள். வாசிக்கத் திணறும் பிள்ளை மூன்றையும் ஒன்றாகக் குழப்பும். மூன்றுக்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது? நேரத்தில். பாடத்தில் உயிர் நீள்கிறது. பட்டத்தில் ஒலி ஒரு கணம் அடைபட்டு நின்று பிறகு வெடிக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று மாத்திரைக் கணக்கு வகுத்து வைத்திருக்கும் இலக்கணம் நம்முடையது. அதை மனப்பாடக் கேள்வியாக்கி ஒரு மதிப்பெண்ணுக்கு ஒடுக்கிவிட்டோம். அதைக் கையில் கொடுத்துப் பாருங்கள். 'பாடம்' என்னும்போது உள்ளங்கை மேசையில் இரண்டு எண்ணிக்கை தங்கட்டும். 'பட்டம்' என்னும்போது முதல் தட்டுக்குப் பின் கை காற்றில் ஒரு கணம் நிற்கட்டும்.

தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டும் நம்மிடம் தயாராக இருக்கிறது. மிருதங்கம் கற்பவர் எந்தப் பாடத்தையும் முதலில் வாயால் சொல்லிவிட்டே கையால் வாசிக்கிறார். வாயையும் கையையும் காதையும் ஒரே கணத்தில் பூட்டும் இந்தப் பயிற்சிக்கு ஈடான ஒன்றைத்தான் மேலைநாட்டு ஆய்வகங்கள் தேடித் தேடி வடிவமைக்கின்றன. தவளைக்கு மூன்று அசை, தகிட. கத்தரிக்காய்க்கு நான்கு, தகதிமி. வண்ணத்துப்பூச்சிக்கு ஐந்து, தகதகிட. ஒட்டகச்சிவிங்கிக்கு ஆறு, தகிட தகிட. சொல்லை முதலில் தட்டி, பிறகு சொல்லி, பிறகு எழுத்தைத் தொட்டு வாசிக்கும் பிள்ளைக்கு, எழுத்து என்பது தான் ஏற்கெனவே கையால் அறிந்த ஒன்றின் படமாகத் தெரியும். இதற்குக் கச்சேரி வித்துவான் தேவையில்லை. ஒன்றாம் வகுப்பு ஆசிரியரே போதும்.

காது கேளாத பிள்ளைக்கு இசையால் என்ன பயன் என்ற கேள்வியை இன்னும் பலர் கேட்கிறார்கள். ஸ்காட்லாந்தின் தாளவாத்தியக் கலைஞர் எவலின் க்ளென்னி பன்னிரண்டு வயதுக்குள் ஏறத்தாழ முழுமையாகக் கேட்கும் திறனை இழந்தவர். அவருடைய பள்ளி ஆசிரியர் ரான் ஃபோர்ப்ஸ், வகுப்பறைச் சுவரில் கைகளை வைக்கச் சொல்லிவிட்டு டிம்பனி மத்தளத்தை வெவ்வேறு சுருதிகளில் வாசித்தார். தாழ்ந்த ஒலியைக் காலிலும் உயர்ந்த ஒலியை முகத்திலும் கழுத்திலும் உணரலாம் என்று அந்த மாணவி கண்டுகொண்டார். இன்றும் அவர் பெரும்பாலும் வெறுங்காலோடு மேடையேறுகிறார். தோலில் உள்ள அதிர்வு உணரிகளில் ஒரு வகை, நொடிக்கு ஏறத்தாழ 250 அதிர்வுகளைச் சுற்றியே மிகக் கூர்மையாக வேலை செய்கிறது. பறையும் தவிலும் உறுமியும் எழுப்பும் தாழ்ந்த ஒலிகளைத் தோல் நன்றாக வாங்கிக்கொள்ளும். ஊதிய பலூன் ஒன்றைக் குழந்தையின் வயிற்றோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பறையை அடித்துப் பாருங்கள். அதிர்வு பலூன் வழியே குழந்தையின் விரல்களுக்கு வந்து சேரும்.

காக்ளியர் இம்ப்ளான்ட் என்னும் உட்காதுக் கேட்புக் கருவி வைத்த குழந்தைகளுக்கும் தாளம்தான் முதல் வாசல். இயல்பான உட்காதில் ஒலியை மூளைக்கு அனுப்பும் உள்மயிர் செல்கள் ஏறத்தாழ 3,500. கருவியில் இருக்கும் மின்முனைகளோ அதிகபட்சம் இருபத்துச் சொச்சம். எனவே சுரங்களுக்கிடையேயான நுட்பமான வேறுபாடு மங்கிவிடுகிறது. மெட்டைக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் தாளத்தை இந்தக் குழந்தைகள் கேட்கும் திறனுள்ளவர்களுக்கு நிகராகவே பிடித்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. அறுவை முடிந்து கேட்புப் பயிற்சி தொடங்கும்போது, மெட்டை விட்டுவிட்டுத் தாளத்திலிருந்து தொடங்குவது நல்லது.

இசை எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று இதற்குள் ஒருவர் நினைக்கத் தொடங்கியிருந்தால், அதை இங்கேயே நிறுத்த வேண்டும். 2017இல் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளியானது. ஒன்பது நாடுகளில், ஆட்டிச நிலை உள்ள 364 குழந்தைகளிடம் நடந்தது. வழக்கமான உதவிகளோடு இசைச் சிகிச்சையும் ஐந்து மாதம் பெற்றவர்களை, அது இல்லாதவர்களோடு ஒப்பிட்டார்கள். ஆட்டிசத்தின் சமூக அறிகுறிகளில் இரண்டு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மறுபுறம், 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, ஒட்டுமொத்த முன்னேற்றத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் பலன் இருக்கக்கூடும் என்றது. பேச்சுத் தொடர்பில் தெளிவான பலன் தெரியவில்லை என்றும் அதுவே சொன்னது. நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: 'ஆட்டிசத்துக்கு இசை' என்று மொத்தமாக ஒரு மருந்து கிடையாது. இந்தக் குழந்தைக்கு, இந்தச் செயலுக்கு, இந்தத் தாளம் என்று குறிவைத்துச் செய்யும்போது பலன் கூடுகிறது. 'இசையால் ஆட்டிசத்தைக் குணப்படுத்துகிறோம்' என்று பலகை மாட்டிப் பணம் வாங்கும் இடங்களிலிருந்து பெற்றோர் விலகியே இருக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஆட்டிச நிலை உள்ள பல குழந்தைகளுக்கு ஒலி வலியாகவே உறைக்கும். கான்கிரீட் கூரை போட்ட சிறிய வகுப்பறையில் ஒலிபெருக்கியை அலறவிட்டு, காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையின் கையைப் பிடித்து ஆட வைப்பது கொடுமை. காதைப் பொத்துவது அந்தப் பிள்ளை பேசும் தெளிவான மொழி. ஒலியைக் குறைக்க வேண்டும், வேண்டாம் என்றால் வெளியே போக அனுமதிக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 29ஆம் பிரிவு, கலைப் பாடங்களை மாற்றுத்திறனாளிகளும் பங்கேற்கும் வகையில் மாற்றியமைக்கச் சொல்கிறது. சட்டம் வந்தாகிவிட்டது. கால அட்டவணை மாறவில்லை. தலைமையாசிரியர்கள் நினைத்தால் அந்த மாற்றத்தை நாளையே தொடங்கலாம்: தினமும் காலையில் பத்து நிமிடம், எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து, ஒரே பாட்டு, ஒரே தாளம். அதை நல்ல நடத்தைக்குப் பரிசாகக் கொடுக்காதீர்கள், தண்டனையாகப் பறிக்கவும் செய்யாதீர்கள். கணக்குப் பாடத்தை யாரும் அப்படிப் பறிப்பதில்லை. வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வரும் நாளில் அவர் கையில் பதிவேடு மட்டும் இருந்தால் போதாது. ஒரு கஞ்சிராவையும் வாங்கிக் கொடுங்கள்.